நள்ளிரவில் நாறும் நாய்

ஸ்கங்க் பீய்ச்சிய நாயைத் தக்காளிச் சாற்றில் குளிப்பாட்டுவது அமெரிக்கர்களின் பல தலைமுறைப் பழக்கம். 1993-ல் ஒரு வேதியியலாளர் சொன்ன மூன்று பொருள் கலவை அந்தப் பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது.

கோடை முடியும் மாதங்களில் வட அமெரிக்கப் புறநகர் வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான் இது. இரவு பத்தரை மணி. படுக்கப்போகுமுன் நாயைக் கொல்லைப்புறம் திறந்துவிடுகிறார்கள். இருட்டில் இரண்டு குரைப்பு, ஒரு முனகல், அப்புறம் தலைதெறிக்க ஓட்டம். பாதி திறந்திருந்த கதவை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் நாய் முகத்தைக் கம்பளத்தில் தேய்க்கிறது, சோஃபாவில் புரள்கிறது, கடைசியில் எஜமானரின் மடியில் அடைக்கலம் தேடுகிறது. ஐந்து நிமிடத்தில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பிடித்தபடி இறங்கி வருகிறார்கள். எரியும் டயர், நசுக்கிய பூண்டு, அழுகிய முட்டை மூன்றையும் ஒரே அறையில் அடைத்துவைத்தால் எப்படியிருக்குமோ அப்படி.

காரணமானவர் இதற்குள் வேலிக்கடியில் நுழைந்து போயிருப்பார். பூனையளவு உடம்பு, கறுப்பு ரோமம், நெற்றியிலிருந்து வால்வரை ஓடும் இரண்டு வெள்ளைப் பட்டைகள். பெயர் ஸ்கங்க். விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயரில் தயவு தாட்சண்யமே இல்லை: மெஃபிடிஸ் மெஃபிடிஸ். லத்தீனில் மெஃபிடிஸ் என்றால் நச்சு நாற்றம். ஒருமுறை சொன்னால் போதாது என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள்.

இந்தியாவில் ஸ்கங்க் கிடையாது. தெற்குக் கனடாவிலிருந்து மெக்சிகோவின் வடபகுதிவரை பட்டை ஸ்கங்க்கின் ராஜ்யம். அதன் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில இனங்கள் தென் அமெரிக்காவிலும், இரண்டு இனங்கள் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் வாழ்கின்றன. நமக்குப் பரிச்சயமானது புனுகுப்பூனைதான். அதற்கும் வாலடியில் சுரப்பி உண்டு. ஆனால் அது தருவது புனுகு, திருப்பதி பெருமாளுக்குச் சாத்துகிற வாசனை. இயற்கை ஏறத்தாழ ஒரே இடத்தில் ஒன்றுக்கு வாசனையையும் இன்னொன்றுக்கு முடைநாற்றத்தையும் வைத்திருக்கிறது. பழந்தமிழில் நாற்றம் என்ற ஒரே சொல் நறுமணத்துக்கும் பயன்பட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஸ்கங்க்கைச் சந்தித்த நாயின் சொந்தக்காரருக்கு இந்த மொழி ஆராய்ச்சி அந்த நேரத்தில் ஆறுதல் தராது என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றான சிகாகோவின் பெயரிலேயே இந்த நாற்றத்தின் சாயல் இருக்கிறது. அந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளின் மயாமி-இல்லினாய் மொழியில் 'ஷிகாக்வா' என்ற சொல் அங்கே ஆற்றோரம் மண்டிக்கிடந்த காட்டு வெங்காயத்தையும் குறிக்கும், ஸ்கங்க்கையும் குறிக்கும். பிரெஞ்சுக்காரர்களின் நாவில் புகுந்து அது சிகாகோ ஆயிற்று. வெங்காயத்தையும் ஸ்கங்க்கையும் ஒரே சொல்லில் அடக்கிய அந்த மக்களின் மூக்கு தப்புச் செய்யவில்லை. இரண்டின் நெடியிலும் இருப்பது கந்தகச் சேர்மங்கள்தான் என்று வேதியியல் பிற்பாடு சொன்னது.

ஸ்கங்க் எடுத்த எடுப்பில் தாக்குவதில்லை. அதன் ஆயுதக் கையிருப்பு மிகக் குறைவு. குதத்தின் இருபுறமும் உள்ள சுரப்பிகளில் சுமார் 15 மில்லி லிட்டர் மஞ்சள் எண்ணெய் இருக்கும். ஐந்தாறு முறை பீய்ச்சப் போதும். தீர்ந்துபோனால் மறுபடி நிரம்ப ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். அதுவரை அது நிராயுதபாணி. அதனால் முதலில் எச்சரிக்கிறது: முன்னங்கால்களால் தரையைத் தட்டும், சீறும், வாலைத் தூக்கும். புள்ளி ஸ்கங்க் என்ற சிறிய இனம் முன்னங்கால்களில் தலைகீழாக நின்றே காட்டும். நரியும் ஓநாயும் இந்த மொழியைப் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுகின்றன. பெரிய கொம்பு ஆந்தை மட்டும் எச்சரிக்கையைச் சட்டை செய்யாமல் மேலிருந்து பாய்ந்து தூக்கிப்போகும். மோப்பத்துக்குப் பேர்போன வீட்டு நாய்க்கோ இது விளையாட அழைக்கும் சைகையாகத் தெரிகிறது. மூன்று மீட்டர் தூரத்திலிருந்து குறி தப்பாமல் முகத்தில் விழுகிறது. ஒருமுறை பட்ட நாய் புத்தி வந்து விலகும் என்று நினைத்தால், பல நாய்கள் அடுத்த வாரமே மறுபடி போய் நிற்கின்றன.

பிறகுதான் தக்காளிக் கதை. டின் டின்னாகத் தக்காளிச் சாறு வாங்கிவந்து நாயைக் குளிப்பாட்டுவது அங்கே பாட்டி வைத்தியம். குளியல் தொட்டி கொலை நடந்த இடம்போல் ஆகும். வெள்ளை நாய் இளஞ்சிவப்பாகும். அரை மணி நேரத்தில் நாற்றம் போய்விட்டது என்று குளிப்பாட்டியவர் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரே நெடியைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அந்த நெடிக்கு மட்டும் மரத்துப்போகும். மீன் சந்தையில் கடை வைத்திருப்பவருக்கு மீன் நாறுவதில்லை அல்லவா, அதே சங்கதி. ஸ்கங்க் நெடிக்கு மரத்த மூக்குக்குத் தக்காளி வாசனை மட்டும் தெரிகிறது. வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து வாசலில் நிற்பவருக்கு இரண்டும் சேர்ந்து தெரியும். நாற்றத்தை உண்டாக்கும் மூலக்கூறைத் தக்காளி தொடுவதே இல்லை. வினிகரும் வாசனை ஷாம்புவும் இதே ரகம்தான்.

அந்த மூலக்கூறு எது என்பதே வெகுகாலம் குழப்பமாக இருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆல்ட்ரிச் 1896-ல் ஸ்கங்க் திரவத்தைப் பகுத்தாராய்ந்து கட்டுரை வெளியிட்டார். (அவருடைய சக ஊழியர்கள் அந்த நாள்களில் என்ன சொன்னார்கள் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.) அதன்பிறகு நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் பியூட்டைல் மெர்காப்டன்தான் முக்கியக் குற்றவாளி என்று எழுதிவந்தன. 1975-ல் கென்னத் ஆண்டர்சன், டேவிட் பெர்ன்ஸ்டைன் என்ற இருவர் அந்தப் பொருள் அதில் இல்லவே இல்லை, இருப்பவை அதன் உறவுக்காரர்கள் என்று காட்டினார்கள். 1990-ல் கலிபோர்னியாவின் ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் வுட் இன்னும் நுணுக்கமாகப் போய், ஆவியாகக்கூடிய ஏழு முக்கியப் பொருள்களை அடையாளம் கண்டார்.

நாய் வளர்ப்பவர்களுக்கு வுட்டின் பட்டியலில் முக்கியமான சேதி ஒன்று இருக்கிறது. அந்த ஏழில் சில தயோல்கள், அதாவது கந்தகமும் ஹைட்ரஜனும் கைகோத்த பொருள்கள். மூக்கைத் துளைப்பவை இவைதான். வேறு சில தயோஅசிடேட்டுகள். இவை அந்த அளவு நாறுவதில்லை. ஆனால் தண்ணீர் பட்டால் மெல்ல மெல்லச் சிதைந்து தயோல்களாக மாறும். நாயைக் கழுவித் துடைத்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது இரண்டு வாரம் கழித்து ஒரு மழை பெய்யும். நாய் நனைந்து வந்து நிற்கும். வீடு மறுபடி நாறும். ஸ்கங்க் திரும்பி வந்துவிட்டதோ என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்தைத் தேடுபவர்கள் உண்டு. நாற்றத்தின் கையிருப்பு நாயின் ரோமத்திலேயே இருக்கிறது.

இந்தியச் சமையலறைக்குத் தயோல் அந்நியமில்லை. சமையல் எரிவாயு சிலிண்டர் கசிந்தால் வரும் நெடி எரிவாயுவின் சொந்த வாசனை அல்ல. கசிவைக் காட்டிக்கொடுப்பதற்காகவே கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன் அது, ஸ்கங்க் திரவத்தின் ஒன்றுவிட்ட சகோதரன். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய சோகம் இருக்கிறது. 1937 மார்ச் 18-ம் தேதி டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. செலவை மிச்சப்படுத்த, எண்ணெய் வயலிலிருந்து வீணாகப் போய்க்கொண்டிருந்த எரிவாயுக் குழாயில் இணைப்பு எடுத்திருந்தார்கள். வாயு கசிந்து கட்டடத்தின் அடித்தளத்தில் தேங்கியது. வாசனையில்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு சிறு மின்பொறி போதுமானதாக இருந்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நெடி கலப்பதை டெக்சாஸ் சட்டமாக்கியது. மற்ற இடங்களும் பின்பற்றின.

கலக்க வேண்டிய அளவு மிகச் சொற்பம், ஏனென்றால் மனித மூக்கு தயோலை நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். காற்று சாதகமாக இருந்தால் ஸ்கங்க் பீய்ச்சியது ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியும் தெரியும். மூக்கில் உள்ள ஒரு குறிப்பிட்ட வாங்கி இந்தச் சிறிய தயோல்களை உணர்வதற்குத் தாமிரத்தின் துணையை நாடுகிறது என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அழுகியதைத் தின்னாமல் தப்பிக்க இயற்கை கொடுத்த காவலாளி இது என்று சொல்லலாம். அந்தக் காவலாளியைத்தான் ஸ்கங்க் நம் மேலேயே ஏவிவிடுகிறது.

தீர்வு வந்தது நாய் வளர்ப்பவர்களிடமிருந்தோ கால்நடை மருத்துவர்களிடமிருந்தோ அல்ல. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த வேதியியலாளர் பால் கிரேபாம் தன் ஆய்வகத்தில் கந்தக வாயுக்களின் நாற்றத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் புகார் செய்யாமல் இருக்க வேண்டுமே. காரத்தன்மையுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடில் அவற்றைச் செலுத்தினால் நாற்றம் ஒழிந்தது. அப்போது சக ஊழியர் ஒருவரின் பூனையை ஸ்கங்க் பீய்ச்சிவிட்டது. ஆய்வகத்துக் கரைசலின் சாதுவான வடிவம் ஒன்றைக் கிரேபாம் சொல்லிக்கொடுத்தார். பூனை வாசனையில்லாமல் வீடு திரும்பியது. 1993 அக்டோபரில் 'கெமிக்கல் அண்ட் எஞ்சினியரிங் நியூஸ்' இதழ் அதை வெளியிட்டது. பிறகு அமெரிக்கப் பத்திரிகைகள் எல்லாம் பரப்பின.

செய்முறை சமையல் குறிப்புபோலத்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய ஒரு லிட்டர். சமையல் சோடா கால் கப். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு தேக்கரண்டி. திறந்த வாளியில் கலந்து, நுரைக்கும்போதே நாயின் மேல் தேய்க்க வேண்டும். ரப்பர் கையுறை அவசியம். முதலில் தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்த ரோமத்தின் மேலேயே, தோல்வரை இறங்கும்படி தேய்ப்பது நல்லது. ஐந்து நிமிடம் விட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசலாம். நாற்றம் மிச்சமிருந்தால் புதிதாகக் கலந்து இன்னொரு முறை.

இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எண்ணெயைச் சோப்பு ரோமத்திலிருந்து கிளப்புகிறது. பெராக்சைடு தரும் ஆக்சிஜன் தயோலைப் பிடித்துக்கொண்டு சல்ஃபானிக் அமிலமாக மாற்றுகிறது. அதற்கு வாசனை கிடையாது, தண்ணீரில் கரைந்து போய்விடும். பெராக்சைடு தனியாக இருந்தால் இந்த வேலை ஆமை வேகத்தில்தான் நடக்கும். சோடாவின் காரம் அதை முடுக்கிவிடுகிறது, பதுங்கியிருக்கும் தயோஅசிடேட்டுகளையும் உடைத்து வெளியே இழுக்கிறது. மழை நாளின் மறு ஒளிபரப்பு நின்றுபோவது இதனால்தான். தக்காளி மூக்கை ஏமாற்றுகிறது. இதுவோ நாறும் பொருளையே இல்லாமல் ஆக்குகிறது.

இவ்வளவு எளிதானதை ஏன் புட்டியில் அடைத்து விற்கவில்லை? கலந்த கணத்திலிருந்து ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருக்கும். மூடிவைத்தால் அழுத்தம் ஏறி புட்டி வெடிக்கும். மிச்சத்தை எடுத்துவைக்கும் சிக்கனக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை. மீதியைத் தண்ணீர் விட்டுக் கொட்டிவிடுவதே மேல். கிரேபாமுக்கு இதனால் புகழ் கிடைத்தது. புட்டியில் அடைக்க முடியாத சரக்கில் காசு பண்ண முடியாது.

சில விபரீதங்களையும் சொல்ல வேண்டும். தலைமுடிக்குச் சாயம் போடுகிறவர்கள் நிறத்தை வெளுக்கப் பயன்படுத்துவதும் பெராக்சைடுதான். கறுப்பு நாயின் மேல் நெடுநேரம் விட்டால் பழுப்பாகிவிடும். 3 சதவீதத்துக்கு மேல் வீரியமுள்ளதை நாயின் தோல் தாங்காது. இந்திய மருந்துக்கடைகளில் வழக்கமாக வரும் 20 வால்யூம் புட்டி சுமார் 6 சதவீதம் என்பதை, இந்தக் குறிப்பை வேறு எதற்காவது பயன்படுத்த நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். சமமாகத் தண்ணீர் சேர்த்தால்தான் 3 சதவீதம். துணி வெளுக்கும் பிளீச்சும் தயோலை அழிக்கும். சிமெண்டுத் தரைக்கும் வேலிப் பலகைக்கும் அதை நீர்த்துப் பயன்படுத்தலாம். உயிருள்ள எதன் மேலும் கூடாது.

கண்தான் முதல் கவலை. பீய்ச்சல் பெரும்பாலும் முகத்தில் விழுகிறது. கண் சிவந்து வீங்கி, சற்று நேரம் நாய்க்குப் பார்வையே தெரியாமல் போகலாம். கரைசலைக் கலக்க ஓடுவதற்கு முன் சுத்தமான தண்ணீரால் கண்களை நன்றாகக் கழுவ வேண்டும். பெராக்சைடைக் கண், வாய் பக்கம் கொண்டுபோகக் கூடாது. முகத்துக்கு நனைத்த பஞ்சுதான். வலி நீடித்தால் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும்.

இதைவிட அபூர்வமான, ஆனால் பலருக்குத் தெரியாத ஆபத்து ரத்தத்தில் இருக்கிறது. திரவத்தை அதிகமாக நக்கியோ சுவாசித்தோ உள்ளே வாங்கிக்கொண்ட நாய்களில் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான ரத்தசோகை வந்ததைக் கால்நடை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அடுத்த சில நாள்களில் நாய் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ அது குளியலால் தீரும் விவகாரம் அல்ல. வீட்டுக்காரர்களோ அதற்குள் நாற்றம் போன சந்தோஷத்தில் நாயைக் கவனிக்க மறந்திருப்பார்கள்.

மூன்றாவது, வெறிநோய். இந்தியாவில் வெறிநோய் என்றால் நாய்தான். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். தடுப்பூசியின் உபயத்தில் நாயிலிருந்து நாய்க்குப் பரவும் வெறிநோய் அங்கே ஒழிந்துவிட்டதாக 2007-ல் அறிவித்தார்கள். நோய் காட்டு விலங்குகளிடம்தான் தங்கியிருக்கிறது: வெளவால், ரக்கூன், நரி, ஸ்கங்க். 1960-களிலிருந்து 1980-கள்வரை அங்கே அதிகமாகப் பதிவான வெறிகொண்ட விலங்கு ஸ்கங்க்தான். பிறகே ரக்கூன் முந்தியது. பீய்ச்சிய திரவத்தால் நோய் பரவாது, கடித்தால் பரவும். எனவே ரோமத்தை விலக்கிப் பல் பதிந்த காயம் இருக்கிறதா என்று பார்ப்பது நாற்றத்தைப் போக்குவதைவிட அவசரமான வேலை. காயம் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஏற்கெனவே ஊசி போட்ட நாய்க்கும் மறுபடி ஓர் ஊசி போடுவார்கள்.

இத்தனைக்கும் ஸ்கங்க் விவசாயிக்கு விரோதி அல்ல. புல்தரையைப் பாழாக்கும் புழுக்களையும் எலிகளையும் அது தின்கிறது. தேனீ வளர்ப்பவர்கள் மட்டும் அதை வெறுக்கிறார்கள், தேனீயையும் விட்டுவைக்காது என்பதால். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ரோமத்துக்கு நல்ல கிராக்கி இருந்தது. ஆனால் ஸ்கங்க் தோல் என்று சொன்னால் எந்தச் சீமாட்டி வாங்குவாள்? 'அலாஸ்கா சேபிள்' என்று பெயர் மாற்றி விற்றார்கள். திரைப்படக்காரர்களும் அதை விடவில்லை. 1945-ல் வார்னர் பிரதர்ஸ் அறிமுகப்படுத்திய பெப்பே லெ பியூ என்ற காதல் மன்னன் ஸ்கங்க், தன் நாற்றம் தனக்கே தெரியாமல் பூனைகளைத் துரத்திக்கொண்டிருந்தது. அந்தத் தொடரில் ஒரு படம் ஆஸ்கார் விருதும் வாங்கியது.

ஸ்கங்க்கின் நிஜமான எதிரி கார். கண் பார்வை மந்தம். எதிரி வந்தால் ஓடாமல் திரும்பி நின்று வாலைத் தூக்குவது பிறவிப் பழக்கம். லாரிக்கு முன்னாலும் அதையே செய்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இணைதேடி அலையும் ஆண்கள் நெடுஞ்சாலைகளில் நிறையச் சாகின்றன. குளிர் முடிந்து வசந்தம் வரப்போகிறது என்பதை அந்தப் பகுதிகளில் மூக்கால் அறிந்துகொள்பவர்கள் உண்டு.

நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் தோட்டத்தோடு வீடு வாங்கி நாயும் வளர்க்கும் நம்மவர் குடும்பங்கள் இன்று ஏராளம். பேரனைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகள் இரவில் நாயை வெளியே விடுமுன் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, ஒருமுறை கைதட்டிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்தால் போதும். ஸ்கங்க்குக்குக் கலகம் பிடிக்காது, வழி கிடைத்தால் போய்விடும். குப்பைத் தொட்டியின் மூடியை இறுக்கி, நாய்ச் சோற்றை வெளியில் வைக்காமல் இருந்தால் வருவதே குறையும். மரத்தாழ்வாரத்துக்கு அடியில் குடிவந்துவிட்டால் ஓட்டையை உடனே அடைக்கக் கூடாது. மே, ஜூனில் உள்ளே குட்டிகள் இருக்கும். அவை தாயோடு வெளியேறும்வரை காத்திருந்து அடைக்க வேண்டும். அதுவரை பெராக்சைடும் சமையல் சோடாவும் தனித்தனியாக, கைக்கெட்டும் அலமாரியில் இருக்கட்டும். இரவு பத்தரை மணிக்கு அங்கேயும் பெரும்பாலான கடைகள் மூடிவிடும்.